கலங்கலுக்குக் கீழே

பள்ளிக்கரணையில் பெய்கிற மழைக்குக் கடல் தூரமில்லை. நேர் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் நீலாங்கரை வந்துவிடும். ஆனாலும் எங்கள் தண்ணீரால் அப்படிப் போக முடியாது. கரையோரம் நெடுக மணல்மேடு தடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் தண்ணீர் முதலில் சதுப்பு நிலத்தில் இறங்கித் தேங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். மேற்கே சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து வருகிற தண்ணீருக்கும் அதே வழிதான். தெற்கே ஒட்டியம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கத்துத் தண்ணீருக்கும், வடக்கே ஆதம்பாக்கம், வேளச்சேரித் தண்ணீருக்கும் வேறு வழி கிடையாது. கிட்டத்தட்ட 250 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே வாசல்.

இந்தக் கணக்கை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலம்தான். முறை வைத்துத் தண்ணீர் கட்டுகிற வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். "கலங்கல் ஓடுதுடா" என்பார். ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிகிற இடம்தான் கலங்கல். சத்தத்தை வைத்தே நாலு விரல் ஓடுகிறதா, ஒரு சாண் ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு சாண் என்றால் கீழ்ப்பக்கம் கட்டியிருக்கிற மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும்.

கலங்கலுக்குக் கீழே அந்த நாளில் ஒருவரும் வீடு கட்டவில்லை. அது சட்டம் போட்டு வந்த தடையல்ல. அங்கே வாய்க்கால் இருந்தது, வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நெல் இருந்தது, நெல் முடிகிற இடத்தில் கழுவெளி தொடங்கியது. சதுப்பு நிலத்தை எங்கள் ஊரில் கழுவெளி என்றுதான் சொல்வோம். கோரை அறுக்கப் போவார்கள், ஊத்தா எடுத்துக்கொண்டு விரால் பிடிக்கப் போவார்கள். கோடையில் பாதி வற்றி மாடு மேயும். மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். 1960-களில் அது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்றும், இப்போது எஞ்சியிருப்பது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் என்றும் பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தேன். அப்பா போல அந்த நிலத்தில் நின்றவர்களுக்கு அந்த எண்கள் புதிய சேதியாக இருந்திருக்காது.

நெல் நின்றுபோன பிறகு, 1990-களின் கடைசியில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். என் சாட்சியம் அந்தக் கடையிலிருந்து தொடங்குகிறது. எங்கள் பக்கம் நிலம் கைமாறிய வேகத்தை என்னைப் போலப் பார்த்தவர்கள் குறைவு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல், புல வரைபடம் என்று எல்லாம் என் கண்ணாடிமேல் வந்து படுத்தன. பழைய புல வரைபடத்தில் வாய்க்கால் இரட்டைக் கோடாக ஓடும். ஓரத்தில் அகலம் எழுதியிருக்கும். அதே இடத்துக்கு மனை போட்டவர்கள் தயாரித்த லேஅவுட் படம் அடுத்த தாளாக வரும். அதில் அந்தக் கோடு இருக்காது, அல்லது 20 அடிச் சாலையாக மாறியிருக்கும்.

ஒருநாள் ஒரு ஆசிரியர், கணவருடன் வந்தவர், பழைய படத்தைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, இது என்ன கோடு?" கூட வந்த தரகர் முந்திக்கொண்டார். "அது எப்பவோ இருந்த வாய்க்கால் மேடம். இப்ப இல்ல." நான் சொன்னேன்: "இருக்கு. போன மழைக்குக்கூட அதுல தண்ணி வந்தது." அந்த அம்மா என்னைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார். முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார் கணவர். இப்படிப் பலரிடம் சொன்னேன். ஒரு சிலர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளி ஆசிரியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள். ஊருக்குள் வாங்க முடியாதவர்களுக்கு எட்டிய விலையில் இருந்தது இந்தப் பள்ளம்தான். அனுமதிச் சீட்டில் அரசு முத்திரை இருந்தது, வங்கி கடன் கொடுத்தது. இதற்கு மேல் ஒரு குடும்பம் எதை விசாரிக்க வேண்டும்?

பழைய மகாபலிபுரம் சாலை கணினி நிறுவனங்களின் சாலையானது. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கிற 200 அடிச் சாலை சதுப்பு நிலத்தின் நடுவே மண் கொட்டி உயர்ந்தது. அதற்கு அடியில் சில இடங்களில் மட்டும் தண்ணீர் போகச் சிறுபாலம் விட்டார்கள். வடக்கே பெருங்குடியில் ஊர்க் குப்பை மலையானது. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். அந்தச் சேதி வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வேலிக்கு உள்ளே இன்றைக்கும் கூழைக்கடாவும் பூநாரையும் வருகின்றன. ஆனால் வேலி பறவைகளைத்தான் காத்தது. வேலிக்கு வெளியே இருந்து உள்ளே வர வேண்டிய தண்ணீரின் வழிகளுக்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை.

2005 அக்டோபர் 27-இல் சென்னையில் 27 செ.மீ. மழை. கடைப்படி வரை தண்ணீர் வந்தது. அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் செங்கல் அடுக்கினோம். அவ்வளவுதான் அந்த வருஷத்தின் கதை.

2015 வேறு. நவம்பர் முழுக்கப் பெய்து எல்லா ஏரியும் நிறைந்து நின்ற நேரத்தில் டிசம்பர் 1 வந்தது. தாம்பரத்தில் 49 செ.மீ. விமான நிலையம் மூடிக் கிடந்தது. ஊரெங்கும் ஒரே பேச்சு: செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் அத்தனை உயிர்கள் போனதற்கு அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் எங்களை மூழ்கடித்தது செம்பரம்பாக்கத் தண்ணீர் இல்லை. அது அடையாற்றில் போகிற தண்ணீர், வேறு பள்ளத்தாக்கு. எங்களுக்கு வந்தது எங்கள் சிற்றேரிகளின் உபரி. செம்பாக்கத்திலிருந்தும் நாராயணபுரத்திலிருந்தும் வழிந்து, போக்கிடம் இல்லாமல், வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. செம்பரம்பாக்கத்தைப் பற்றி விசாரணை வேண்டும் என்று ஊர் கேட்டது. எங்கள் வாய்க்கால்களைப் பற்றி விசாரிக்க யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்து வருஷப் பேச்சில் எங்கள் பள்ளம் காணாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

அதற்குப் பிறகு வடிகால்கள் வந்தன. தெருவுக்குத் தெரு தோண்டினார்கள். கான்கிரீட் பெட்டி இறக்கி, மேலே சிலாப் மூடினார்கள். தோண்டிய குழிகளால் சிரமம் இருந்தாலும் தெருக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இனித் தண்ணீர் நிற்காது என்று நம்பினார்கள். சாதாரண மழைக்கு உண்மையில் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஒரு நாள் நிற்கிற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இறங்கியது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர். மறுநாள் விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். அன்று மாலை கடையில் பேப்பர் பண்டல்களைப் பரணில் ஏற்றினேன், மிஷினை மேசைமேல் தூக்கி வைத்தோம். ராத்திரி மழை தொடங்கிய விதத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. பொதுவாக எங்கள் பக்கம் மழை அடிக்கும், ஓயும், மறுபடி அடிக்கும். அன்று ஓயவே இல்லை. புயல் கரையைக் கடக்காமல் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. விடியும் முன்னே மின்சாரம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கைபேசியில் சிக்னலும் போனது. அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை.

திங்கள் காலையில் மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் சாலைப் பக்கமிருந்து வரும் என்றுதான் எல்லாரும் சாலையையே பார்த்தோம். வந்தது வடிகாலிலிருந்து. சிலாப்பில் விட்டிருந்த ஓட்டைகளில் முதலில் குமிழ் விட்டது. பிறகு ஒரு முழ உயரத்துக்குப் பொங்கியது. எதிர்வீட்டுப் பையன் கத்தினான்: "அங்கிள், ட்ரெயின்ல தண்ணி ரிவர்ஸ்ல வருது!" தெருத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டிய வடிகால், சதுப்பு நிலத்துத் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. போய்ச் சேருகிற இடத்தில் மட்டம் உயர்ந்துவிட்டால் குழாய்க்கு எது முன், எது பின் என்று தெரியாது. அப்பா இதைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார்.

பத்து மணிக்குள் கீழ்வீடுகளில் இடுப்பளவு. யாரோ "ஏரி உடைஞ்சிருச்சு" என்று தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டே ஓடினார்கள். எந்த ஏரி, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சொல் ஒன்று போதும். மாடியுள்ள வீடுகளெல்லாம் கதவைத் திறந்துவைத்தன. எங்கள் மொட்டைமாடி அறையிலும் நடையிலும் நான்கு குடும்பங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வாடகைக்கு இருந்த கம்பெனிப் பிள்ளைகள், உணவு கொண்டுகொடுக்கிற ஒரு தம்பி, கீழ்வீட்டுப் பெரியம்மா, அவர் மகள் குடும்பம். பெரியம்மாவுக்குச் சர்க்கரை. அவருடைய இன்சுலின் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது, பெட்டி மிதந்துகொண்டிருந்தது. அந்த உணவுத் தம்பி கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போய் மருந்தை எடுத்துவந்தான். மின்சாரம் இல்லாமல் அதை எப்படி வைப்பது? என் மனைவி மண்பானையில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் ஒரு டம்ளரில் மருந்தை வைத்து ஈரத்துணி போட்டு மூடினார். தண்ணீர் வடிகிற வரைக்கும் அந்தப் பானைக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் மரியாதை.

குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரிய நேரமாகிறது. கீழ்த்தொட்டிக்குள் சாக்கடை கலந்துவிட்டது. மழைத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்துக் காய்ச்சினோம், எரிவாயு இருந்தவரை. இரவில் நாற்றம் அதிகமாகும். கழிவறைக் குழாய்கள் வழியாகவும் தண்ணீர் ஏறியிருந்தது. கீழே தண்ணீரில் பாம்புகள் நீந்திப் போயின. அவையும் மேடு தேடித்தான் போயின. குழந்தைகள் பயப்படாமல் இருக்க, கம்பெனிப் பிள்ளைகளில் ஒருவர் அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் படகுகள் வந்தன. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சாலையில் இறக்கியிருந்தார்கள். பெரியம்மாவை இறக்கியபோது, படகுக்காரர் கைகொடுத்துக்கொண்டே பேசினார்: "பாத்து வாம்மா, பையைத் தலைமேல வச்சுக்கோ." மழை விட்டும் தண்ணீர் ஏன் இறங்கவில்லை என்று நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "மொகத்துவாரத்துல கடல் உள்ள தள்ளுதுண்ணா. கடல் எடுத்துக்கினாதான உங்க தண்ணி போவும்?" கடலில் பிழைக்கிறவர் ஒரே வரியில் சொன்னதை, அதற்கு முன்னும் பின்னும் கேட்ட எந்த விளக்கத்திலும் நான் கேட்கவில்லை.

தண்ணீர் முழுதும் வடிய ஒரு வாரத்தை ஒட்டி ஆனது. மற்ற பகுதிகளில் கடைகள் திறந்து, பால் விலை பழையபடி ஆன பிறகும் எங்கள் தெருக்களில் படகு ஓடியது.

பிறகு காகிதங்கள் வந்தன. என் மிஷின் தப்பியது. மின்சாரம் வந்த அன்றே கடை வாசலில் வரிசை. அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்துக்குக் குடும்ப அட்டை இல்லாதவர்கள் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கு நகல்கள். ஆனால் வரிசையில் நின்ற பலர் நிவாரணத்துக்காக வரவில்லை. நனைந்து ஊறிப்போன பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, கல்யாணப் பதிவு, வீட்டுக் கிரயப் பத்திரம். லேமினேட் செய்தவைதான் மோசமாகப் போயிருந்தன. ஓரத்தில் நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, எழுத்தை மையோடு கரைத்துவிட்டது. பழைய முத்திரைத்தாள்கள் நன்றாகத் தாங்கின. நியூஸ்பிரிண்ட் தாள்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி, ஓரளவு காய்ந்ததும் மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டினால் பாதிக்கு மேல் காப்பாற்றலாம். கடை தரை முழுக்க அடுத்தவர்களுடைய வாழ்க்கை காய்ந்துகொண்டிருந்தது. என் மகள் குனிந்து குனிந்து அவற்றைத் திருப்பிப் போட்டாள்.

அந்த வரிசையில் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி. வீட்டுவேலை செய்கிறவர். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையோர வீடுகளை எடுத்தபோது இங்கே கொண்டுவந்தார்கள். "ஆத்தோரம் இருந்தா ஆபத்துன்னு சொல்லித்தாண்ணா இங்க போட்டாங்க. இங்கயும் கீழ் வீடெல்லாம் தண்ணி. அங்க இருந்தப்ப வேலைக்கு நடந்தே போவேன். இப்ப ரெண்டு பஸ்சு" என்றார். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டவர்களும் ஒவ்வொரு பெருமழைக்கும் இதையேதான் சொல்கிறார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி எளிய மக்களை வெள்ளம் வந்து சேருகிற இடத்தில் குடிவைத்ததை நான் ஒரு அநியாயமாகத்தான் பார்க்கிறேன். இடம் தேர்ந்தெடுத்தவர்கள் மேசையில் ஏரிகளின் பழைய படம் ஒன்றாவது இருந்திருக்காதா?

பொங்கல் கழிந்ததும், நீர்ப்பாசன வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு நண்பரும் நானும் கலங்கலிலிருந்து நடக்கத் தொடங்கினோம். முட்டுக்காடு வரைக்கும் தண்ணீரின் வழியைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு. ஒரே மூச்சில் முடிகிற வேலையில்லை, பல ஞாயிறுகள் பிடித்தது. என் கையில் பழைய புல வரைபட நகல்கள், அவர் கையில் அளவு நாடா.

கலங்கலை விட்டு இறங்கியதும் வாய்க்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர், நல்ல அகலம். கொஞ்ச தூரத்தில் ஒரு அடுக்குமாடிச் சுற்றுச்சுவர் வருகிறது. அங்கே வாய்க்கால் செங்கோணத்தில் திரும்புகிறது. படத்தில் நேர்க்கோடு. திரும்பிய இடத்தில் அகலம் பாதி. அதற்கப்புறம் ஒரு சிறுபாலம், அதன் கண்களில் குறுக்கே குடிநீர்க் குழாயும் கேபிளும் போகின்றன. அவற்றில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சிக்கி, மெத்தைபோல அடைத்திருக்கின்றன. ஓவர்சியர் நாடாவைச் சுருட்டியபடி சொன்னார்: "எங்க குறுகலோ, அங்கதான் கால்வாயோட அளவு. மத்த இடத்துல எவ்வளவு அகலம் இருந்தாலும் பிரயோஜனமில்ல."

ஒக்கியம் மடுவுப் பாலத்தில் நின்றபோது மெட்ரோ ரயில் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மிக்ஜாம் நேரத்தில் பெருங்குடியில் பெய்தது 40 செ.மீ.யைத் தாண்டியது. பள்ளத்தாக்கு முழுக்க 40 என்றே வைத்துக்கொள்வோம். 250 சதுர கிலோமீட்டரில் 40 செ.மீ. என்றால் பத்துக் கோடி கன மீட்டர். கன அடியில் ஏறத்தாழ மூன்றரை டி.எம்.சி. "செம்பரம்பாக்கத்தோட முழுக் கொள்ளளவு எவ்வளவு தெரியுமா? 3.645" என்றார். நான் வாயடைத்துப் போனேன். கிட்டத்தட்ட ஒரு முழுச் செம்பரம்பாக்கம் எங்கள் தலைமேல் நேராகக் கொட்டியிருக்கிறது. அத்தனையும் ஓடிவராது, கொஞ்சம் மண் குடிக்கும், கொஞ்சம் ஏரி பிடிக்கும். ஆனால் மண் எங்கே இருக்கிறது இப்போது? அத்தனை தண்ணீரையும் மூன்று நாளில் வெளியேற்ற வேண்டுமென்றால் வினாடிக்குப் பதின்மூவாயிரம் கன அடிக்கு மேல் அந்த மடுவில் போக வேண்டும், மூன்று நாளும் நிற்காமல்.

மடுவைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகு போவதற்காக வெட்டியது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் மரக்காணம் வரைக்கும் போய்வந்த வழி. படகுக்கு வாட்டம் ஆகாது, அதனால் தண்ணீர் அசையாமல் நிற்கும்படி மட்டமாக வெட்டினார்கள். வெள்ளத்துக்கு வாட்டம்தான் உயிர். படகுக்கென்று மட்டமாக வெட்டியதை வெள்ளக் கால்வாயாக நம்பி, 250 சதுர கிலோமீட்டரின் தண்ணீரை அதில் விட்டிருக்கிறோம். முட்டுக்காட்டில் கோடைதோறும் மணல் வந்து முகத்துவாரத்தை அடைக்கிறது. மழைக்கு முன் வெட்டிவிட்டால் ஓடும். வெட்டினாலும் புயல் நாளில் கடல் உயர்ந்து நிற்கும், அந்தப் படகுக்காரர் சொன்னதுபோல.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்று. நாம் வடிகாலைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தெருவில் தொடங்கி, பணமும் காலமும் இருந்தால் கடைசியில் முகத்துவாரத்துக்குப் போகலாம் என்று. ஒவ்வொரு புது வடிகாலும் தண்ணீரைச் சீக்கிரமாகக் கொண்டுவருகிறது. முன்பு வயலிலும் தோப்பிலும் தங்கி மூன்று நாளில் வந்த தண்ணீர் இப்போது மூன்று மணி நேரத்தில் சதுப்பு நிலத்துக்கு வந்துவிடுகிறது. சதுப்பு நிலம் சுருங்கிவிட்டது, வாசல் பழைய வாசல். மேட்டில் இருப்பவர் தெரு சீக்கிரம் காய்கிறது, பள்ளத்தில் இருப்பவர் கூடம் நிறைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணல் தெருக்களில் மழை தானாக உறிஞ்சப்படுகிறது, அங்கே கான்கிரீட் வடிகால் வேண்டாம் என்று குடியிருப்போரே பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வாதாடினார்கள். அந்த வடிகால்களுக்கான பணத்தில் கொஞ்சம் மடுவின் பக்கம் திரும்பியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2022-இல் பள்ளிக்கரணை, உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்த எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஆய்வு முடியும் வரை புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று சொன்னது. அன்றிலிருந்து எங்கள் தெரு இரண்டாகிவிட்டது. படகில் சேர்ந்து போனவர்களே ஒருவரோடொருவர் பேசாமல் போகிறார்கள். மிக்ஜாம் நேரத்தில் மாடியில் குழந்தைகளுக்குக் கதை சொன்ன அந்தக் கம்பெனிப் பிள்ளை, அதற்குள் கடன் வாங்கி ஒரு மனை வாங்கியிருந்தார். கடைக்கு வந்து கேட்டார்: "அண்ணா, பெரிய பெரிய டவரெல்லாம் கட்டி முடிச்சுட்டாங்க. எனக்கு மட்டும் ரூல் சொல்றாங்க. நான் வீடு கட்டினாத்தான் வெள்ளம் வருமா?" அந்தக் கேள்வியில் இருக்கிற நோவு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தடை சரி என்றுதான் அவரிடமே சொன்னேன். தடையால் நஷ்டப்படுகிற சிறிய மனைக்காரருக்கு, அனுமதி கொடுத்தவர்களும் மனை பிரித்து விற்றவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் கிளம்பவில்லை. தன் பத்திரத்தை எடுத்து வைத்தார். அதன் பக்கத்தில் பழைய புல வரைபட நகலை வைத்து, ஸ்கேலால் அளந்து பார்த்தோம். வாய்க்கால் அவர் மனையின் தென்மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. பக்கத்து மனையில் நட்டநடுவே போகிறது.

பகுதி சபைக் கூட்டத்துக்காக நாங்கள் எழுதிய மனுவில் பெரிய கோரிக்கை எதுவுமில்லை. கலங்கலிலிருந்து மடுவு வரைக்கும் வாய்க்காலைப் பழைய படத்தின்படி அளந்து, இரண்டு கரையிலும் கல் நட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அடி இருக்க வேண்டும், எத்தனை அடி இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும். மடுவின் வாயையும் முகத்துவாரத்தையும் ஐப்பசிக்கு முன் திறந்து முடித்த பிறகே அந்த வருஷத்துத் தெரு வடிகாலில் கை வைக்க வேண்டும். அந்தப் பிள்ளை படித்துப் பார்த்து, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: கல் நட்ட பிறகு யார் மனைக்குள் எவ்வளவு போகிறது என்பதை அவரவருக்கு எழுத்தில் தர வேண்டும். சேர்த்தோம். கையெழுத்துப் போட்டார். பக்கத்து மனைக்காரர் போடவில்லை. நட்டநடுவே வாய்க்கால் போகிறவர் அவர்தான். அவரை அடுத்த வாரம் அளவு நாடாவோடு வாய்க்காலுக்கு அழைத்துப் போவதாக ஓவர்சியர் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன்.